மதிப்பெண் வாசல்வரைதான்

அமெரிக்காவில் பிள்ளைகள் ஹைஸ்கூல் படிக்கும் தமிழ் வீடுகளில், பத்தாம் வகுப்பு முடிகிற சமயத்தில் என்.எச்.எஸ். என்ற பேச்சு தொடங்கிவிடும். நேஷனல் ஹானர் சொசைட்டி. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு வெளியே காபியோடு நிற்கும் பெற்றோர், நான் ஆசிரியை என்று தெரிந்ததும் இதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஓர் அம்மா கேட்டார்: “அக்கா, எம் பொண்ணுக்கு 4.0 இருக்கு. அவ ஃப்ரெண்டுக்கு 3.7தான். அவளுக்கு லெட்டர் வந்துடுச்சு, இவளுக்கு வரல. இது என்ன கணக்கு?”

நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் நான் வேதியியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளியின் கிளைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். குழுவில் பேசுவது வெளியே போகக் கூடாது, அது நியாயமான விதி. அதனால் இதில் வரும் பிள்ளைகள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த அம்மாவின் கணக்கைப் பார்ப்போம். என்.எச்.எஸ். தேசிய அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்சம் 4.0க்கு 3.0; அதாவது சராசரியாக ‘பி’, அல்லது 85 விழுக்காடு. பள்ளிகள் இதை உயர்த்திக்கொள்ளலாம், குறைக்க முடியாது. 3.5க்கு மேல் வைத்திருக்கும் பள்ளிகள் நிறைய உண்டு. ஒரு செமஸ்டர் மார்க் மட்டும் பார்ப்பதில்லை, ஹைஸ்கூலில் சேர்ந்த நாளிலிருந்து சேர்ந்து வரும் மொத்த ஜி.பி.ஏ.தான் கணக்கு. ஏ.பி., ஆனர்ஸ் பாடங்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கணக்கிடுகிறார்களா, கொடுக்காமலா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒன்பதாம் வகுப்பிலேயே இதைக் கவுன்சிலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த எல்லையைத் தாண்டியதும் எண்ணுக்கு வேலை முடிந்துவிடுகிறது. 3.7ம் 4.0ம் எங்கள் முன்னால் ஒரே வரிசையில்தான் நிற்கும். கட்-ஆஃபில் அரை மார்க் போனதால் கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்காமல் போனதை இன்றைக்கும் மறக்காத தலைமுறை நம்முடையது. மார்க் அதிகமிருப்பவருக்கு இடம் முதலில் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய நியாயம். இங்கே நடப்பது அந்த முறையில்லை என்பதை நம்மவர்களுக்குப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

1921இல் உயர்நிலைப் பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் என்.எச்.எஸ்.ஐத் தொடங்கியது. முன்னின்றவர் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பள்ளியின் முதல்வராக இருந்த எட்வர்ட் ரைனர்சன். கல்லூரி மாணவர்களுக்கு அதற்கு முன்பே, 1776இலிருந்து, ஃபை பீட்டா கப்பா என்ற ஹானர் சொசைட்டி இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று வந்த என்.எச்.எஸ்., கல்வியோடு சேவை, தலைமை, நற்பண்பு என்று நான்கையும் சேர்த்துக் கேட்கிறது. நான்கும் இருக்க வேண்டும்; ஒன்றில் மிகுந்திருப்பதை வைத்து இன்னொன்றின் குறையை ஈடுகட்ட முடியாது.

தேர்வு செய்வது ஐந்து ஆசிரியர்கள். பள்ளி முதல்வர் அவர்களை நியமிப்பார், ஆனால் அவருக்கு அந்தக் குழுவில் ஓட்டு கிடையாது. கிளையின் ஆலோசகராக இருக்கும் ஆசிரியர் கூட இருப்பார், அவருக்கும் ஓட்டு கிடையாது. ஐவரில் பெரும்பான்மை வேண்டும். எங்கள் பள்ளியில் மதியம் கடைசி மணி அடித்தபின் நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோப்பு. அதில் மாணவரே நிரப்பிய செயல்பாட்டுப் படிவம், கையெழுத்து வாங்கிய சேவை மணிக்கணக்கு, பிற ஆசிரியர்கள் எழுதிய கருத்துகள். எங்களில் யாருக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியாமலிருக்கலாம். பேண்ட் வாசிக்கும் பிள்ளையை இசை ஆசிரியருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. ஆகவே அந்தக் காகிதம்தான் பேச வேண்டும்.

அந்தக் காகிதத்தில் நம் பிள்ளைகள் ரொம்பக் கஞ்சத்தனமாக எழுதுகிறார்கள். ஒரு பெண்ணின் படிவத்தில் “உணவு வங்கி, தன்னார்வலர், 30 மணி நேரம்” என்று மட்டும் இருந்தது. படிவத்தைக் கொடுக்குமுன் என்னிடம் காட்ட வந்திருந்தாள். (நான் அந்த ஆண்டு குழுவில் இல்லை, அதனால் உதவலாம்.) அங்கே போய் என்னம்மா செய்வே என்று கேட்டேன். டப்பா உணவுகளில் காலாவதித் தேதி பார்த்துப் பிரிப்பாளாம். வருகிறவர்களில் ஸ்பானிஷ் மட்டும் பேசும் பாட்டிகள் சிலர் உண்டு. ரத்த அழுத்தம் இருப்பதால் உப்புக் குறைந்த டப்பாவாகத் தேடுவார்கள். பள்ளியில் படித்த ஸ்பானிஷை வைத்து அவர்களுக்கு லேபிளைப் படித்துச் சொல்வாளாம். “இதையெல்லாமா மிஸ் எழுதணும்?” என்றாள். இதைத்தான் எழுத வேண்டும். முப்பது மணி நேரம் என்பது எல்லாப் படிவத்திலும் இருக்கும். லேபிளைப் படித்துச் சொன்னது அவளுடைய படிவத்தில் மட்டும்தான் இருக்கும்.

எது சேவை என்பதிலும் நம் வீடுகளில் குழப்பம் இருக்கிறது. பரதநாட்டிய அரங்கேற்றத்தைச் சேவைப் பகுதியில் எழுதியிருந்த படிவங்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை வருட உழைப்பு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அது சேவையில் சேராது. அதே பெண் முதியோர் இல்லத்துக்குப் போய் ஆடினால் சேரும். சேவை என்றால் சம்பளமில்லாமல் பிறருக்குச் செய்தது. இந்திய மளிகைக் கடையில் பகுதி நேர வேலை, டியூஷன் சென்டரில் சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சேவை ஆகாது. அதற்காக அவற்றை விட்டுவிடவும் வேண்டாம். கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தாயா, சாவியை நம்பி உன்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்களா, அப்படியானால் அது தலைமைப் பகுதிக்குரிய செய்தி.

வீட்டில் செய்யும் வேலையைப் பற்றியும் கேட்கிறார்கள். அம்மா இரவு ஷிஃப்டுக்குப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள், பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு மருந்து கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலான கிளைகள் இதைச் சேவை மணியில் சேர்ப்பதில்லை. ஆனாலும் படிவத்தில் எங்காவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு பையனுக்குச் சேவை மணி குறைவாக இருக்கிறதே என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அந்த ஒரு வரி எங்களுக்கு நிறையச் சொல்லும். வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதா என்ற கூச்சத்தில் பல பிள்ளைகள் இதை மறைத்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருப்பது நம் பிள்ளைகளுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் நல்ல சேவை. வாராவாரம் நடக்கிறது, பல ஆண்டுகள் தொடரலாம், பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஒரே வாரத்தில் அடித்துப் பிடித்துச் சேர்த்த மணிகளைவிட இரண்டு வருடம் விடாமல் போன ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் குழுவில் மதிப்பு அதிகம். கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் அந்த ஒருங்கிணைப்பாளர் வேறு மாநிலத்துக்கு மாறிப் போயிருப்பார்.

தலைமை என்றால் ஏதாவது ஒரு சங்கத்துக்குத் தலைவராக இருக்க வேண்டும் என்று நினைத்து, படிவம் வருகிற ஆண்டில் புதிதாக ஒரு கிளப் தொடங்கி அதற்குத் தலைவராகும் பிள்ளைகள் உண்டு. குழுவில் இருக்கும் ஐந்து பேருக்கும் இது தெரியும். என் ஆய்வக வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், எந்தப் பதவியும் கிடையாது. அவளுடைய ஆய்வகக் குழுவில் ஒருவன் பியூரெட்டைத் தொடவே பயந்து ஓரமாக நின்று மற்றவர்கள் எடுத்த அளவைக் குறித்துக்கொண்டிருந்தான். இவள் மூன்றாவது முறை டைட்ரேஷன் செய்யும்போது திருகைத் திறந்து மூடும் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு, நிறம் மாறுவதைத் தான் பார்த்துச் சொன்னாள். அடுத்த வகுப்பில் அவன் தானாகச் செய்தான். ஆசிரியர் கருத்துப் படிவத்தில் அதை எழுதினேன். ஆசிரியர்கள் இதையெல்லாம் கவனிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

நற்பண்பு என்ற நான்காவதுதான் பெற்றோருக்குப் புகைச்சலைக் கிளப்புவது. பிடிக்காத ஆசிரியர் ஒருவர் கெடுத்துவிடுவாரோ என்று பயப்படுகிறார்கள். சும்மா ‘சரியில்லை’ என்று எழுதிவிட முடியாது. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், ஆதாரம் கேட்போம். அடிக்கடி வருவது காப்பியடித்த விவகாரங்கள், இப்போது அதோடு ஏ.ஐ. எழுதிக் கொடுத்த கட்டுரைகளும். ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பில் நண்பனின் ஆய்வக அறிக்கையிலிருந்து எண்களை அப்படியே எடுத்து எழுதிப் பிடிபட்டவன். பதினொன்றாம் வகுப்பில் அவன் படிவம் வந்தது. அதில் அவனே அந்த விஷயத்தை எழுதியிருந்தான்: என்ன செய்தேன், பூஜ்யம் வாங்கினேன், அதற்குப் பிறகு அந்த ஆசிரியரிடமே போய் விடுபட்ட சோதனையைச் செய்து காட்டினேன் என்று. மார்க்குக்காக இல்லை, மார்க் மாறவுமில்லை. அன்றைக்கு வெகுநேரம் பேசினோம். வேண்டாம் என்றவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெரும்பான்மையில் தேர்வானான். மறைத்திருந்தால் நானே கை தூக்கியிருக்க மாட்டேன்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். படிவத்தைப் பெற்றோர் எழுதிக் கொடுக்காதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளை எழுதியதற்கும் நாற்பத்தைந்து வயது அப்பா எழுதியதற்கும் வித்தியாசம் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். அதே பிள்ளையின் கட்டுரைகளை ஆங்கில ஆசிரியர் வருடம் முழுக்கப் படித்தவர், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நன்றாக இருக்கட்டும் என்று செய்யும் உதவி, நற்பண்பு என்ற இடத்திலேயே போய் இடிக்கும்.

வேலை மாற்றத்தால் அடிக்கடி ஊர் மாறும் நம் குடும்பங்களுக்கு இரண்டு விவரம். புதுப் பள்ளியில் சேர்ந்து ஏறக்குறைய ஒரு செமஸ்டராவது ஆகியிருந்தால்தான் தேர்வுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பழைய பள்ளியில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால், அங்குள்ள முதல்வரிடமோ ஆலோசகரிடமோ ஒரு கடிதம் வாங்கி வந்தால் போதும், புதுப் பள்ளியின் கிளையில் சேர்த்துக்கொள்வார்கள். புதுக் கிளையின் தகுதிகளை ஒரு செமஸ்டருக்குள் எட்ட வேண்டும். டெக்சஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு இது தெரியாமல் மகன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தான். சாமான் கட்டும்போதே அந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

இதே பருவத்தில் வீட்டுக்கு வேறு கடிதங்களும் வரும். உங்கள் பிள்ளை தேசிய அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், இவ்வளவு டாலர் கட்டினால் சான்றிதழ் என்று. என்.எச்.எஸ். விதிப்படி ஒரு கிளை உறுப்பினரிடம் ஆண்டுக்கு 20 டாலருக்கு மேல் சந்தா வாங்க முடியாது. பள்ளியில் யாருக்கும் தெரியாத ஒரு அமைப்பு பெரிய தொகை கேட்டால், கவுன்சிலரிடம் காட்டாமல் கட்டாதீர்கள்.

சேர்ந்தபிறகு ஜி.பி.ஏ. இறங்கினாலோ சேவை நின்றுபோனாலோ எழுத்தில் எச்சரிக்கை வரும், சரிசெய்ய அவகாசம் கொடுப்பார்கள். கடைசியில் நீக்குவதற்குமுன் அந்த மாணவர் குழுவின் முன் வந்து பேச உரிமை உண்டு. நீக்கப்பட்டவரும் தானாக விலகியவரும் மறுபடி உறுப்பினராக முடியாது. கோபத்தில் விலகல் கடிதம் எழுத நினைக்கும் பிள்ளையை ஒரு இரவு தூங்கி எழுந்து யோசிக்கச் சொல்லுங்கள்.

கடிதம் வராத பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அந்த 4.0 பெண்ணின் அம்மாவிடம் நான் சொன்னது, நீங்கள் பள்ளிக்கு போன் செய்யாதீர்கள், அவளை ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள் என்பதுதான். ‘ஏன் என்னை எடுக்கவில்லை’ என்று ஆரம்பிக்காமல், ‘நான்கில் எது என் படிவத்தில் குறைவாகத் தெரிந்தது, அடுத்த முறைக்கு என்ன செய்யலாம்’ என்று கேட்க வேண்டும். தேர்வு முறை பள்ளியில் எழுத்தில் இருக்கும், அதையும் வாங்கிப் படிக்க வேண்டும். முறை தப்பியிருக்கிறது, ஒரு தாள் தொலைந்திருக்கிறது என்று தோன்றினால் முதல்வரிடம் எழுதிக் கேட்கலாம். அப்படித் திருத்தப்பட்ட முடிவுகள் உண்டு. பதினொன்றில் விட்டதைப் பன்னிரண்டில் மறுபடி பரிசீலிக்கும் பள்ளிகள் பல. கல்லூரி விண்ணப்பங்கள் நவம்பர் தொடக்கத்திலிருந்தே போய்விடுவதால், தேர்வு இலையுதிர்காலத்திலா வசந்தத்திலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வசந்தம் என்றால் விண்ணப்பத்தில் இந்தப் பெயர் வராது, ஆனால் உணவு வங்கியும் தமிழ்ப் பள்ளியும் செயல்பாடுகள் பகுதியில் தாராளமாக வரும். அங்கே பத்து இடங்கள், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. லேபிள் படித்த கதையை அதற்குள் அடக்கிவிடலாம்.