வழக்காடு மன்றமும் சமரச மையமும் – ஓர் ஆய்வு

முன்னுரை

கூடி வாழும் மாந்தரிடையே பிணக்குத் தோன்றுவது இயல்பு. அப்பிணக்கைத் தீர்க்கும் முறையிலேயே ஒரு சமுதாயத்தின் பண்பாடு வெளிப்படுகின்றது. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும், கோட்டைக்குள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே புலவர் கோவூர்கிழார் நின்று போரைத் தவிர்க்க முயன்ற செய்தியைப் புறநானூறு நமக்கு அறிவிக்கின்றது. ஆட்சி யாருக்கு உரியது என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. இருவரும் ஒரே குடியினர் என்பதையும், எவர் தோற்பினும் இழப்பு அக்குடிக்கே என்பதையும் எடுத்துரைத்தார். இன்று நீதிமன்ற வளாகங்களில் 'சமரசர்' என்னும் பெயரில் அமர்ந்திருப்போரின் பணியும் இதனை ஒத்ததே. அப்பணியின் இயல்பையும் பயனையும் எல்லையையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வழக்கும் சமரசமும்

உரிமை யாருக்கு, அதற்குச் சான்று யாது என்பனவே நீதிமன்றம் கேட்கும் வினாக்கள். சான்றுகளை ஆய்ந்து ஒருவர் பக்கம் தீர்ப்பளிப்பது அதன் கடமை. ஆனால் தீர்ப்போடு வழக்கு முடிந்துவிடுவதில்லை. மேல்முறையீடு, நிறைவேற்று மனு என அது நீளக்கூடும். பாகப்பிரிவினை வழக்கிலோ முதனிலைத் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை என்று இரு படிகள் உள. வாய்தா தோறும் பொருளும் காலமும் செலவாவதுடன், உடன்பிறந்தாரிடையே பேச்சும் அற்றுப்போகின்றது.

சமரசம் இதனின் வேறுபட்டது. நடுவர் முறையில் நடுவரே முடிவை வழங்குவார். அது இரு திறத்தாரையும் கட்டுப்படுத்தும். சமரசர் முடிவு எதனையும் வழங்குவதில்லை. இரு திறத்தாரும் தம் முடிவைத் தாமே காண்பதற்குத் துணை நிற்பது மட்டுமே அவர் பணி.

சட்டம் வகுத்த பாதை

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இன்றைய வடிவம் பெற்று, 2002 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தீர்வுக்கு இடமுள்ள வழக்குகளைச் சமரசம், மக்கள் நீதிமன்றம் முதலிய வழிகளுக்கு அனுப்ப இப்பிரிவு நீதிமன்றங்களுக்கு வழிவகுத்தது. அதனையொட்டி, 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையங்களுள் இந்தியாவிலேயே முன்னோடியாக அது அமைந்தது தமிழகத்திற்குப் பெருமையாகும். 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சமரசத்திற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. சமரசம் 120 நாள்களுக்குள் முடிதல் வேண்டும் என்றும், இரு திறத்தாரும் இசைந்தால் மேலும் 60 நாள் நீட்டிக்கலாம் என்றும் அச்சட்டம் வகுத்துள்ளது.

சமரசம் நிகழும் முறை

சமரசர் முதலில் இரு திறத்தாரையும் ஒருங்கே அமர்த்தி, அவரவர் குறையை அவரவர் வாயாலேயே கூறச் செய்வார். பின்னர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்திப்பார். எதிரியின் முன் சொல்லவியலாத மனக்குறை இத்தனியமர்வில் வெளிப்படும். ஒருவர் நம்பிக்கையோடு கூறியதை அவர் இசைவின்றி மற்றவரிடம் சமரசர் உரைத்தலாகாது. சமரசம் நிறைவேறாவிடில், நிறைவேறவில்லை என்பதை மட்டுமே நீதிமன்றத்திற்குத் தெரிவித்தல் வேண்டும்; உள்ளே பேசியவற்றை வெளியிடுதல் கூடாது என 2010ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. நீதிமன்றம் அனுப்பிய வழக்கில் உடன்பாடு ஏற்படின், அது எழுத்தில் வடிக்கப்பெற்று, இரு திறத்தாராலும் ஒப்பமிடப்பெற்று, நீதிமன்றத்தின் தீர்ப்பாணையாக மலரும். வாதி செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்திற்கு வெளியே தாமாகவே இணங்கியோருக்கும் இச்சலுகை உண்டென, தமிழகத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். தந்தை விட்டுச்சென்றவை ஒரு வீடும் ஒரு கடையும். கடையை மகன் நடத்துகின்றான். மகள் தன் பங்கினைக் கேட்கின்றாள். நீதிமன்றம் பங்கின் அளவைக் கூறும். பிரிக்கவியலாத சொத்தாயின் விற்றுப் பணத்தைப் பகிரவும் நேரிடலாம். கடை விலைபோனால் மகனுக்குப் பிழைப்பில்லை. வீடு விலைபோனால் தாய்க்கு நிழலில்லை. சமரச மேசையிலோ, கடையை மகன் கொள்ளவும், வீடு மகளுக்கு ஆகவும், மிகுதிப் பணத்தைத் தவணைகளில் ஈடுசெய்யவும், தாய் வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டில் வாழவும் உடன்பாடு காணலாம். சான்றும் சட்டமும் காட்டாத இத்தகைய வழிகளைத் தேவைகளைப் பேசுதல் காட்டுகின்றது.

எல்லைகள்

எனினும் எல்லா வழக்குகளும் சமரசத்திற்கு உரியன அல்ல. 2010ஆம் ஆண்டு அஃப்கான்ஸ் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதனை வரையறுத்தது. குடும்பம், வணிகம், அண்டை வீட்டார் பூசல், வாடகை போன்றவை சமரசத்திற்கு ஏற்றவை. தேர்தல் வழக்குகள், கடுமையான மோசடி, போலி ஆவணம் பற்றியவை, சிறார் முதலியோர்க்கு எதிரானவை, குற்ற வழக்குகள் ஆகியன பொதுவாக ஏற்றவை அல்ல.

இதனினும் நுண்ணிய எல்லை ஒன்று உண்டு. வலியவர் சொல்லுக்கு எளியவர் தலையசைப்பது சமரசம் அன்று. 'குடும்ப மானம்' என்ற பெயரால் மகளின் பங்கை விட்டுக்கொடுக்கச் செய்வதும், துன்புறுத்தப்பட்ட பெண்ணைப் 'பொறுத்துப் போ' என்று திருப்பியனுப்புவதும் அநீதிக்கு அமைதியென்று பெயரிடுவதாகும். கட்டப்பஞ்சாயத்து சட்டத்திற்குப் புறம்பானது என 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மார்க்கத் தீர்ப்புரைகளுக்குச் சட்ட வலிமை இல்லை, அவற்றை எவர்மீதும் வலிந்து சுமத்தலாகாது என 2014ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தெளிவுறுத்தியது. எனவே ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் இணக்கம் பேசுங்கால் இரண்டினை மறவாதிருத்தல் நலம். தம் சட்ட உரிமை யாது என்பதை எளியவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். 'இசையேன்' என்று கூறி எழுந்து செல்லும் உரிமையும் அவருக்கு இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் உள்ளவிடத்திலேயே இசைவு உண்மையான இசைவாகும்.

முடிவுரை

சமரசம் நீதிமன்றத்திற்குப் பகையன்று. நீதிமன்றத்தின் கதவு திறந்திருப்பதனாலேயே எளியவர் அச்சமின்றிச் சமரச மேசையில் அமர இயலுகின்றது. உரிமைக்கு இடர் நேருமிடத்து வழக்காடுதல் கடமை. உறவும் தொழிலும் தொடர வேண்டுமிடத்து முதலில் பேசிப்பார்த்தல் அறிவுடைமை. மாணவர்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்து, தம் இல்லத்திலும் ஊரிலும் பிணக்கு எழுங்கால், எளியவர்க்கு அவர்தம் உரிமையை எடுத்துரைத்து, பின்னர் இணக்கத்திற்கு வழிகாட்டுவாராக! மொழி கற்றோர் சமுதாயத்திற்கு ஆற்றத்தக்க தொண்டுகளுள் இதுவும் ஒன்றென நாம் கருதுகின்றோம்.