சொந்தமாக விமானம் கட்டுகிறீர்களா? கன்ட்ரோலுக்கும் பிரேக்குக்கும் சில குறிப்புகள்

அமெரிக்காவில் கிட் வாங்கி, கார் ஷெட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் ஏராளம். வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களின் கையால் நடந்திருந்தால்தான் அங்கே ‘அமெச்சூர் கட்டியது’ என்ற வகைச் சான்றிதழ் கிடைக்கும். இறக்கை வேலையில் காட்டும் அக்கறையை, மூடியபின் கண்ணுக்குத் தெரியாத கன்ட்ரோல், பிரேக் இரண்டிலும் காட்டுங்கள்.

1. சுழலும் மூட்டுகளில் நைலான் நட்டை மட்டும் நம்பக் கூடாது. கேஸ்டில் நட் போட்டு, காட்டர் பின் செருகி மடக்குங்கள். கழற்றிய பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். புதுசு சில காசுதான்.

2. புஷ்ராட் முனையிலுள்ள பேரிங்கை ஒட்டி அகலமான வாஷர் ஒன்று போடுங்கள். பேரிங் உடைந்தாலும் ராட் கழன்று விழாது.

3. டர்ன்பக்கிளின் இரு முனையிலும் மூன்று மரைக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. கேபிளின் இறுக்கம் சரியானதும் சேஃப்டி வயர் கட்டிவிடுங்கள்.

4. கேபிளைப் பழைய பருத்தித் துணியால் நீளவாக்கில் துடையுங்கள். இழை அறுந்த இடத்தில் துணி மாட்டும். வெறுங்கையால் தடவினால் விரல் கிழியும்.

5. சிறு விமானங்களின் பிரேக்குக்குப் பெரும்பாலும் சிவப்பு நிற மினரல் ஆயில்தான். கார் கடையில் விற்கும் டாட் 3 திரவத்தை அதில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். குழாய் முனையை விரிக்கும் கருவியும் வேறு: விமானத்துக்கு 37 டிகிரி, காருக்கு 45.

6. பிரேக்கில் காற்றை எடுக்க, கீழே கேலிப்பரிலிருந்து மேல்நோக்கி ஆயிலை ஏற்றுங்கள். காற்றுக் குமிழி தானாக மேலே போகும். மேல்முனையில் கண்ணாடி மாதிரி டியூப் மாட்டினால் குமிழி நின்றதா என்று தெரியும். பெடல் மெத்தென்று அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது.

7. ஸ்டிக்கைப் பிடித்துக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். கட்டைவிரல் சாயும் பக்கத்து ஏலரான்தான் எழ வேண்டும். இடது பக்கம் சாய்த்தால் இடது ஏலரான் மேலே எழ வேண்டும். வலது பக்கமும் அப்படியே. பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே வர வேண்டும். அசைகிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். சரியான திசையில் அசைகிறதா என்று பார்க்கத் தவறுகிறோம். கேபிளைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள்.

8. நிறுத்தும்போது மாட்டும் கன்ட்ரோல் பூட்டில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு நாடா கட்டுங்கள். 1935 அக்டோபரில், பி-17 விமானத்தின் முன்னோடியான போயிங் 299, பூட்டை எடுக்காமல் கிளம்பி ஓஹையோவில் விழுந்தது. விமானிகளின் செக்லிஸ்ட் பழக்கம் அதன்பின் வேரூன்றியது.

9. கட்டியவர் கண்ணுக்குத் தன் தவறு பழகிப்போயிருக்கும். வேறு ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கான அமெரிக்காவின் இஏஏ சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் காசு வாங்காமலே வந்து பார்க்கிறார்கள். தரைத்தகட்டை மூடுவதற்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.