விளையாட்டுப் பெட்டிக்கு வெளி ஹார்டு டிஸ்க்



சித்தூரில் எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த பேரன், "தாத்தா, பிளேஸ்டேஷன் 4-இல் இடமில்லை" என்றான். ரயில்வேயில் யார்டு நிறைந்தால் கூடுதல் பாதை போடுவோம். இங்கே வெளி ஹார்டு டிஸ்க்தான் அந்தப் பாதை.

2017 மார்ச்சில் வந்த 4.50 மென்பொருள் முதல் இந்த வசதி உண்டு. டிஸ்க் யு.எஸ்.பி. 3.0 வகையாக, 250 ஜி.பி. முதல் 8 டி.பி. வரை இருக்க வேண்டும். ஹப் வழியாக அல்லாமல், பெட்டியிலேயே நேராகச் செருகுங்கள்.

'செட்டிங்ஸ்', 'டிவைசஸ்', 'யு.எஸ்.பி. ஸ்டோரேஜ் டிவைசஸ்' என்று சென்று டிஸ்கைத் தேர்ந்து, 'ஃபார்மேட் அஸ் எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜ்' கொடுக்க வேண்டும். இது டிஸ்கில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும்!

நான் அலமாரியிலிருந்து பழைய டிஸ்க் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பொத்தானை அழுத்துமுன் ஏதோ தோன்ற, கணினியில் செருகிப் பார்த்தோம். திருப்பதியில் நடந்த மகள் திருமணப் படங்கள்! வேறு பிரதி கிடையாது. அன்றே புது டிஸ்க் வாங்கினோம்; படங்களுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்தோம்.

ஃபார்மேட் ஆனபின் புதிய விளையாட்டுகள் வெளி டிஸ்கில் பதியும். சேமித்த ஆட்டநிலை மட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்போர் கவனிக்க: அதற்கான விளையாட்டுகளை இத்தகைய டிஸ்கில் சேமிக்கலாம், அதிலிருந்து ஆட இயலாது.

கழற்றும்போது மெனுவில் டிஸ்கின் பயன்பாட்டை நிறுத்திய பிறகே உருவுங்கள். சிக்னல் விழாமல் வண்டியை நகர்த்தலாமா?