நேபிள்ஸ் வளைகுடாவில் ஒரு நாள்

இத்தாலி நாட்டின் தென்மேற்குக் கரையில், மத்தியதரைக் கடல் பிறைபோல் வளைந்து உட்புகுந்த இடத்தே நேபிள்ஸ் மாநகர் அமைந்துள்ளது. அதன் இருமருங்கும் பழம்பெருமை வாய்ந்த ஊர்கள் பல உள. அவற்றுள் இரண்டினை ஒரே நாளிற் கண்டு வர, யானும் நண்பர் இருவரும் காலையிலேயே புறப்பட்டோம். நண்பருள் ஒருவர் வரலாற்றாசிரியர், மற்றவர் பொறியாளர்.

முதலில் மேற்கேயுள்ள பொட்சுவோலி சென்றோம். உரோமர் காலத்தில் புத்தியோலி என வழங்கிய பெருந்துறைமுகம் இது. நம் மேலைக் கடற்கரையில் யவனர் மரக்கலங்களில் ஏற்றிய மிளகு, செங்கடல் வழியே எகிப்தை அடைந்து, நைல் ஆற்றிற் சென்று, அலெக்சாந்திரியாவில் வேறு கலம் ஏறி, இத்துறையில் வந்து இறங்கிற்று. நண்பர் அவ்வழியை விரல்விட்டு எண்ணிக் கூறியபோது, வானூர்தியில் வந்த யாங்கள் களைப்பென்று சொல்ல நாணினோம்.

ஊரின் நடுவே, பள்ளமான ஒரு முற்றத்தில் மூன்று சலவைக்கல் தூண்கள் நிற்கின்றன. 1750-இல் இவ்விடத்தை அகழ்ந்தபோது செராப்பிஸ் என்னும் தெய்வத்தின் சிலை கிடைத்தமையால், இதனைக் கோயில் என்றே நெடுங்காலம் கருதினர். உண்மையில் இஃது ஓர் அங்காடி. தூண்களின் அடிப்பகுதி ஏறத்தாழ 3½ மீட்டர் உயரம்வரை வழுவழுப்பாக உள்ளது. அதன்மேல் இரண்டரை மீட்டருக்கும் மிகுதியான பகுதி முழுவதும் துளைகள். கல்லைக் குடைந்து வாழும் ஒருவகைக் கடற்சிப்பியின் வேலை அது. தரையில் நிற்கும் தூணில் கடற்சிப்பி ஏறியது எங்ஙனம்? நிலம் மெல்லத் தாழ்ந்தது. கடல் தூண்களைச் சூழ்ந்தது. மண்ணிற் புதைந்த அடிப்பகுதி தப்ப, நீரில் நின்ற பகுதியைச் சிப்பிகள் துளைத்தன. பின்னர் நிலம் மீண்டும் உயர்ந்தது. தூண்களோ சாயவில்லை! 1830-இல் சார்லஸ் லயல் என்னும் நிலவியல் அறிஞர் தம் நூலின் முகப்பில் இத்தூண்களின் படத்தையே வைத்தார்.

இது பழங்கதையன்று. இவ்வூரின் அடியில் உறங்காத எரிமலைக் களம் ஒன்று உண்டு. 1970-இல் நிலம் உயர்ந்து வீடுகள் விரிசல் கண்டமையால், துறைமுகத்தை ஒட்டிய குன்றின்மேல் வாழ்ந்தோர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1982 முதல் 1984 வரை நிலம் மேலும் 1.8 மீட்டர் அளவு உயர்ந்தது. துறையில் நீர் குறைந்து படகுகள் தரைதட்டின.

அத்துறையில் நின்று நோக்கின், எதிரே மிசேனம் என்னும் முனை தோன்றும். உரோமரின் கடற்படை அங்கே தங்கியிருந்தது. கி.பி. 79-இல் அதன் தலைவர் மூத்த பிளினி. நம் முசிறித் துறையைத் தம் நூலிற் குறித்தவரும், வெறுங் காரத்துக்காகவா மிளகுக்கு இத்துணை விலை என்று கடிந்தவரும் அவரே. (மிளகு பற்றிய அவர் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை.) வெசூவியஸ் எரிமலை வெடித்த அன்று, மலையடிவாரத்திலிருந்து உதவி வேண்டி அவருக்கு மடல் வந்தது. எல்லோரும் விலகி ஓடிய திசையை நோக்கி அவர் கப்பல்களைச் செலுத்தினார். ஆயினும் கடல் ஆழங்குறைந்து, மலையினின்று சரிந்தவை கரையை அடைத்தமையால், அங்கே இறங்க இயலவில்லை. தெற்கே ஸ்டாபியே என்னும் ஊரை அடைந்த அவர், மறுநாள் கடற்கரையிலேயே மாண்டார்.

பிற்பகலில் நேபிள்ஸைக் கடந்து, கிழக்கே வெசூவியஸின் அடியிலுள்ள எர்குலேனியம் சேர்ந்தோம். கனலும் சாம்பலும் கல்லும் வெள்ளமாய் இறங்கி மூடிய ஊர் அது. ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில், பழைய கடற்கரை இன்று ஒரு பள்ளத்தின் அடியாகக் கிடக்கிறது. கடலோ சில நூறு மீட்டர் விலகிப் போயிற்று. கரையோரத்தில் படகுகள் வைப்பதற்கான வளைவறைகள் பன்னிரண்டு உள்ளன. 1980 முதல் இங்கே தோண்டியபோது, ஏறத்தாழ 300 பேரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. மோதிரங்கள் கழலாத பெண் ஒருத்தியின் விரல்களும் அவற்றுள் இருந்தன. 1982-இல் கவிழ்ந்து கிடந்த படகொன்றும் கிடைத்தது.

அறைகளின் வாயில்கள் அனைத்தும் கடலை நோக்கியே இருந்தன. அங்கிருந்து மிசேனம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான தொலைவுதான். பொறியாளர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஐயா, இவர்கள் அந்தக் கப்பல்களைக் கண்டிருப்பார்களா?" என்று வினவினார். வரலாற்றாசிரியர் விடை கூறவில்லை.

வாயில் அடைக்கும் நேரமாயிற்று என்று காவலர் அறிவிக்கவே, மேலேறி வந்தோம். அங்கே இன்றைய ஊரின் மாடிகள்தோறும் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் பின்னே, 1944-க்குப் பின் வெடியாத வெசூவியஸ் நின்றது.