கட்டிட வேலையிற் பொருட்சிக்கனம்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கட்கு இன்றியமையாதன என்று சிறு வகுப்பிலேயே படித்தோம். இவற்றுள் முன்னிரண்டையும் வீணாக்கலாகாது என்று வீட்டுப் பெரியோர் நம்மைக் கண்டித்து வளர்த்தனர். இலையிற் சோற்றை மிச்சம் வைத்தால் வசவு கிடைத்தது. ஆனால் உறையுளைக் கட்டுங்கால் எவ்வளவு செங்கல், எவ்வளவு மணல், எவ்வளவு இரும்பு வீணாயின என்று கேட்பார் ஒருவரும் இலர். அக் கேள்வியை யார், எப்பொழுது, எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதனை இப்பொழுது எழுதுதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியின் பழைய மாணவர் விடுதியை இடித்து, அவ்விடத்தே புதியதொன்று எழுப்புதல் பற்றிப் பேச்சு நடந்துவருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் அவ் விடுதியை அடுத்திருந்த சமையற்கூடம் இடிக்கப்பட்டதை நம்மிற் பலர் கண்டோம். ஒப்பந்தத்தில், இடிபாடுகளை அகற்றி இடத்தைச் சுத்தம் செய்து தருதல் வேண்டும் என்ற ஒரு வரியே இருந்தது. ஒப்பந்தக்காரர் அவ் வரியின்படியே செய்தார். மூன்று நாளில் இடம் சுத்தமாயிற்று. தேக்கு உத்திரங்கள் எங்கே சென்றன என்று அறியோம்; முழுச் செங்கற்கள் உடைசலோடு உடைசலாக லாரியில் ஏறி ஒரு பள்ளத்திற் போய் விழுந்தன. அடுத்த மாதமே சுற்றுச்சுவருக்கென்று புதுச் செங்கல் விலைகொடுத்து வாங்கினோம். ஒப்பந்தக்காரரைக் குறைகூற வழியில்லை. நாம் கேட்டதை அவர் தந்தார்; கேளாததை அவர் ஏன் தரவேண்டும்?

முன்னரே கேட்டு எழுதிக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்கு, வேற்று நாட்டிலே மிகப் பெரிய அளவில் நடந்த ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக்குப் பந்தயங்களுக்காக இலண்டன் மாநகரின் கிழக்கே, லீ ஆற்றின் பள்ளத்தாக்கிலே, ஏறத்தாழ இரண்டரைச் சதுரக் கிலோமீட்டர் நிலம் தெரிந்தெடுக்கப்பட்டது. பழைய ஆலைகளும் பண்டசாலைகளும் குப்பைமேடுகளும் நிறைந்த இடம் அது. இருநூற்றுக்கு மேற்பட்ட கட்டிடங்களை இடிக்கவேண்டியிருந்தது. வேலைக்குப் பொறுப்பேற்ற அதிகார சபையார் 2007-ஆம் ஆண்டிலேயே தம் நிபந்தனைகளை எண்களாக எழுதி வெளியிட்டனர். இடிபாட்டிலே எடையால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கேனும் மீண்டும் பயன்படுத்தப்படவோ மறுபொருளாக்கப்படவோ வேண்டும், கட்டுதற்குரிய பொருள்களில் எடையாற் பாதியேனும் இரயிலிலோ படகிலோ வந்து சேரவேண்டும், இவைபோல்வன பல. பொதுவாக நல்லமுறையிற் செய்க என்ற சொல்லோடு அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வோர் ஒப்பந்தக்காரரும் இவற்றுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவராயினர்.

முடிவு யாதெனில், தொண்ணூறு கேட்ட இடத்தில் தொண்ணூற்றெட்டுக்கு மேல் கிடைத்தது. பாதி கேட்ட இடத்திற் பாதிக்கு மேல் இரயிலிலும் நீர்வழியிலும் வந்தது. ஆலைக்கழிவால் நஞ்சேறிய மண்ணை வேற்றிடத்திற் கொட்டிவிடாமல், அங்கேயே பொறிகளிற் கழுவித் தூய்மையாக்கி மீண்டும் நிரப்பினர். அப் பொறிகள் நின்ற இடத்திற்கு மண் மருத்துவமனை என்றே பெயர் வழங்கிற்று. நோயாளி மண்ணாயிருந்தும் மருத்துவம் பலித்தது என்னலாம்.

எனினும், இவ் வெற்றியினுள்ளே ஒரு குறை ஒளிந்திருக்கின்றது. நமக்குப் பாடம் ஆவது அக் குறையே. அந்தத் தொண்ணூறு என்னும் எண், இரண்டு வெவ்வேறு செயல்களை ஒரே மூட்டையிற் கட்டிவிட்டது. பழைய வேட்டியைத் தைத்து உடுத்துதல் ஒன்று. அதனையே கிழித்து அடுப்படித் துணியாக்குதல் மற்றொன்று. இரண்டும் வீணாக்காமையே எனினும் இரண்டும் ஒன்றாகா. இரும்பு விட்டத்தை இறக்கி விட்டமாகவே மீண்டும் ஏற்றினால், உலையும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம். அதனை உருக்கினாலோ மீண்டும் தீ வேண்டும். முழுச் செங்கல்லை நொறுக்கித் தரைக்கு அடியில் இட்டால், அதனைச் சுட்ட நெருப்பெல்லாம் வீணே. இலண்டனில் நிபந்தனை எடையைக் கொண்டு அளக்கப்பட்டமையாலும், காங்கிரீட்டும் செங்கல்லுமே எடையில் மிகுந்தவையாதலாலும், அவற்றை நொறுக்கினாலே எண் நிறைந்துவிட்டது. செங்கல்லாகவும் விட்டமாகவும் கதவாகவும் உருக்குலையாமல் மீண்டது மிகச் சிறு பங்கே. சோம்பலால் நேர்ந்ததன்று இது. மீள்பயனுக்கென்று தனியே ஓர் எண் வற்புறுத்தப்படாமையின் விளைவு.

இன்னொன்றும் கூறுவோம். அங்கே மிதிவண்டிப் பந்தய மண்டபத்தின் கூரையைக் கனத்த இரும்பு வளைவுகளால் தாங்குவதற்குப் பதிலாக, மீன்வலை போலப் பின்னிய எஃகுக் கயிறுகளால் தாங்கினர். இதனால் ஏறத்தாழ 1,000 டன் இரும்பு மிச்சமாயிற்று என்பர். பெரிய விளையாட்டரங்கின் கூரைச்சட்டத்திலோ, எரிவாயுக் குழாய்க்கென்று செய்து மிஞ்சிய குழாய்கள் உறுப்பாயின. இச் சிக்கனங்கள் குப்பையை எடைபோட்டதனால் வந்தவையல்ல. படம் வரைபவர் மேசையிலே பிறந்தவை. ஆகவே நிபந்தனை இடிப்பவருக்கு மட்டும் இருந்தாற் போதாது, வரைபவருக்கும் வேண்டும்.

நிற்க. எண்ணில்லாத நிபந்தனையின் கதியையும் அந்நாட்டிலேயே காணலாம். 2008-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விதி பிறந்தது. மூன்று லட்சம் பவுனுக்கு மேற்பட்ட கட்டிட வேலை எதற்கும் கழிவுபற்றிய திட்டம் ஒன்று எழுதி வைத்தல் வேண்டும் என்றது அது. திட்டம் எழுதுக என்றதேயன்றி, இத்துணை குறைக்க என்று அளவு கூறவில்லை. 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் அவ் விதி நீக்கப்பட்டது. டென்மார்க்கு நாட்டார் வேறு வழியிற் சென்றனர். 2023 முதல், 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டிடம், ஐம்பதாண்டுக் கணக்கில், சதுர மீட்டர் ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 12 கிலோ கரியமிலவாயு என்னும் எல்லையைத் தாண்டலாகாது என்று விதித்தனர். பின்னர் 2025-இல் அதனை இன்னும் இறுக்கினர். எல்லையைச் சொல்லி வழியைக் கட்டுபவரிடமே விட்டமை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வழியை நாமே விதித்தால் வரும் தீங்கு சிறிதன்று. ஒன்பது அங்குலச் சுவர் முழுக்கட்டாக இருத்தல் வேண்டும் என்று வேலைக் குறிப்பில் எழுதிவிட்டால், எலிப்பொறிக் கட்டு என்னும் முறைக்குக் கதவடைத்தவராவோம். அம் முறையிற் செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவர். நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். 1945-இல் தொழுநோயாளர் பணிக்கென்று இந்தியாவிற்கு வந்து, பின் கேரளத்திலே நிலைத்த லாரி பேக்கர், திருவனந்தபுரம் முதலிய இடங்களில் இம் முறையால் எத்தனையோ கட்டிடங்களை எழுப்பினார். சுவர் இவ்வளவு பாரம் தாங்கவேண்டும், இத்தனை செங்கல்லுக்கு மேற்படலாகாது என்று கேட்டிருந்தால், நம் கொத்தனாரே இதனைச் சொல்லியிருப்பார்.

இனி நம் விடுதிக்கு வருவோம். அதன் பழம்பகுதி சுண்ணாம்புச் சாந்தாற் கட்டியது. பின்னர்ச் சேர்த்த பகுதி சிமெண்டாலும் கம்பியாலும் ஆயது. இரண்டிற்கும் ஒரே எண் விதித்தல் அறியாமையாகும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லை மென்மையாகப் பற்றும், தட்டினால் விடும், கல் முழுதாக வரும். சிமெண்டுச் சாந்து விடாது, கல்லே உடையும். ஆதலின் பழம்பகுதியிற் செங்கல், உத்திரம், கதவு, சன்னல் ஆகியவற்றுக்கு முழுதாய் மீட்கும் எண்ணைத் தனியே விதித்தல் வேண்டும். புதுப்பகுதியை நொறுக்கி ஜல்லியாக்கலாம். அந்த ஜல்லியையும் கண்டபடி கலத்தலாகாது. இந்தியத் தர நிர்ணயத்தார் 2016-இல் திருத்திய ஐ.எஸ். 383 என்னும் விதியிலே, எம்-25 வரையுள்ள கம்பிக் காங்கிரீட்டில் இத்தகைய ஜல்லி நூற்றுக்கு 20 பங்கும், கம்பியில்லாக் காங்கிரீட்டில் 25 பங்கும் சேர்க்கலாம் என்று வரையறுத்தனர். அடித்தளத்திற்கு இடும் மெலிந்த கலவையில் முழுவதும் அதுவே இருக்கலாம் என்றும் கூறினர். பேராசையால் இவ் வரம்பைத் தாண்டிச் சிக்கனம் கேட்பது மாணவர் தலைமேற் கூரையைப் பணயம் வைப்பதாகும்.

வெளியேறும் ஒவ்வொரு லாரிக்கும் எடைச்சீட்டு வேண்டும். அச் சீட்டுகள் வாராமற் கடைசித் தவணைப் பணம் கொடுக்கப்படாது என்றும் எழுதவேண்டும். பணத்தோடு கட்டப்படாத நிபந்தனையை எவரும் இரண்டாம்முறை படிப்பதில்லை. ஆனால் இவை அனைத்திற்கும் முற்பட்டது, இடிக்குமுன் உள்ளவற்றைக் கணக்கெடுத்தல். என்ன இருக்கிறது என்றறியாமல் எவ்வளவு மீட்கலாம் என்று எவ்வாறு கேட்பது? டெண்டர் வெளியான பின்பு எடுக்கும் கணக்கினாற் பயனில்லை.

எனவே சென்ற மாதம், பழைய கொத்தனார் ஒருவரையும் மாணவர் நால்வரையும் உடன்கொண்டு அவ் வேலையைத் தொடங்கினோம். கீழ்க்கட்டில் உள்ள உத்திரங்களைத் தட்டிப் பார்த்து, செல்லரித்தவற்றிற்குச் சுண்ணாம்பினாற் குறியிட்டாயிற்று. குறியில்லாதனவே மிகுதி. மாடி இன்னும் எண்ணப்படவில்லை. பழைய மாணவர் எவரேனும் விடுமுறையில் இப்பக்கம் வந்தால், ஏணி பிடிக்க ஆள் வேண்டும்.