தாங்குவதும் சுமப்பதும்

மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

கலிபோர்னியாவில் உத்தியோகம் நிலைத்துவிட்ட சந்தோஷத்தில் நீ ஒரு பிக்கப் டிரக் வாங்கியிருப்பதையும், அதன்மேல் இலேசான கூடாரம் ஒன்றைப் பொருத்தி விடுமுறை நாட்களில் மலைப்பக்கம் சென்று தங்க எண்ணியிருப்பதையும் படித்து மகிழ்ந்தேன். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் நீ எழுதியிருந்த இரண்டு வரிகள், செருப்புக்குள் புகுந்த பொடிக்கல்லைப்போல மூன்று வாரங்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. கூரைக்கு 75 கிலோதான் என்று வண்டியின் கையேடு சொல்கிறது, கூடாரமோ 55 கிலோ, இருவர் ஏறிப் படுத்தால் 200 கிலோவாகிறதே, கூரை நொறுங்கிவிடாதா என்று முதல் வரியில் நடுங்கியிருக்கிறாய். அடுத்த வரியிலேயே, எப்படியும் இலேசான கூடாரந்தானே, ஓட்டும்போது கவலைப்பட ஒன்றுமில்லை என்று உனக்கு நீயே சமாதானமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகிறாய்; அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமலிருக்கிறாய். இந்த இரண்டாவது நிலைக்கு வள்ளுவர் வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை; உனக்கே தெரியும்.

நம் மொழியில் தாங்குதல் என்றும் சுமத்தல் என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. மண்டபத்துத் தூண் தாங்குகிறது, கழுதை சுமக்கிறது. தூண் பொதியைச் சுமக்கிறது என்று எவனும் சொல்வதில்லை. ஏனென்றால், சுமை என்ற சொல்லுக்குள்ளேயே நடை என்ற கருத்து ஒளிந்துகொண்டிருக்கிறது. கையேட்டில் நீ கண்ட 75 கிலோ, வண்டி ஓடும்போது கூரை சுமக்கத்தக்க அளவு. நின்ற வண்டி தாங்கத்தக்க அளவு வேறு. அது இதைப்போலப் பல மடங்காக இருப்பதே வழக்கம். இந்த இரண்டையும் ஒரே எண்ணாகக் கருதியதே உன் முதல் வரியின் பிழை.

நின்ற கூரை எவ்வளவு வலிது என்பதற்கு உன் நாட்டுச் சட்டமே சாட்சி. 2009இல் திருத்தப்பட்ட அமெரிக்க விதியின்படி, மொத்த எடை வரம்பு 2,722 கிலோவுக்கு உட்பட்ட வாகனத்தின் கூரை, அந்த வாகனத்தின் வெற்றெடையைப்போல மூன்று மடங்கு விசைக்கு ஈடுகொடுக்க வேண்டும். அதனினும் கனத்த பிக்கப்புகளுக்கு ஒன்றரை மடங்கு. இரண்டு டன் வண்டியென்றால் முறையே ஆறு டன், மூன்று டன். அந்த விதி வண்டி உருளுவதை உத்தேசித்து எழுதப்பட்டதேயன்றி உன் கூடாரத்தை உத்தேசித்தன்று; கூடாரம் அமரும் ரேக்கின் கால்கள் கூரையில் ஊன்றும் இடங்களைப்பற்றி அது பேசுவதில்லை. ஆகையால் ரேக் செய்தவரிடம் நிற்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று இரண்டு எண்களையும் கேட்டு வாங்கிக்கொள். ஆயினும் இருவர் படுத்ததனால் கூரை நொறுங்கும் என்ற பயத்தை இன்றோடு விட்டுவிடு. கிழக்கு ஜெர்மனியில் டிராபான்ட் என்றொரு சிறிய கார் இருந்தது. அதன் கூரையின் மேற்போர்வை உலோகம்கூட அன்று. பருத்திக் கழிவைப் பிசினில் தோய்த்து அழுத்திய டியூரோபிளாஸ்ட் என்ற பொருள். எழுபதுகளின் பிற்பகுதியில் அந்தக் காரின் தலைமேலும் கூடாரம் விரித்துக் குடும்பங்கள் உறங்கின. போர்வை எதுவானாலென்ன? தாங்குவது அதன் அடியிலிருக்கும் எஃகுச் சட்டம்.

இனி உன் இரண்டாவது வரிக்கு வருகிறேன். இலேசு என்ற பெயரோடு விற்கப்படும் கூடாரங்கள் பல 40 முதல் 60 கிலோ வரை இருக்கின்றன. தராசில் உன் கூடாரம் எப்போதும் 55 கிலோதான். ஆனால் சாலையிலே எடை என்பது ஓர் எண்ணன்று, ஒரு நடத்தை. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும் கணத்தில் புவியீர்ப்புக்கு ஈடான மேல்நோக்கிய முடுக்கம் நேர்ந்தால், உன் 55 கிலோ அந்தக் கணத்துக்கு 110 கிலோவாக ரேக்கின் கால்களை உதைக்கும். பிரேக்கை மிதித்தால் முன்னே பாயப் பார்க்கும். வளைவில் வெளியே சாயப் பார்க்கும். ஒரு முறையன்று, மலைச்சாலையில் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் முறை. உலோகம் ஒரே அடியில் ஒடிவது அபூர்வம். சிறிய அடிகளின் எண்ணிக்கையில் களைத்து ஒடிவதே அதன் சுபாவம். காற்றையும் கணக்கில் கொள்: வேகம் 80 கிலோமீட்டரிலிருந்து 120 ஆகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கன்று, இரண்டே கால் மடங்கு, அதை வெல்ல எஞ்சின் செலவிடும் திறனோ மூன்று மடங்குக்கும் மேல்.

உயரத்தைப்பற்றி ஒரு சிறு கணக்கு. 2,000 கிலோ வண்டி. அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 60 கிலோ கூடாரத்தை 190 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது கேபின் கூரையின்மேல் வைத்தால் மையம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் மேலேறும். அதே கூடாரத்தைப் பின்தொட்டியின்மேல், 140 சென்டிமீட்டர் உயரத்து ரேக்கில் வைத்தால் இரண்டு சென்டிமீட்டரே ஏறும். மூன்றரை சென்டிமீட்டரா என்று சிரிக்காதே. சக்கரங்களின் இடைவெளியில் பாதியை மைய உயரத்தால் வகுத்தால் வருவதே வண்டி கவிழாமைக்கு முதற்பிரமாணம். இடைவெளியில் பாதி 80 சென்டிமீட்டரானால் அந்த விகிதம் 1.14இலிருந்து 1.09க்கு இறங்கிவிடுகிறது. நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்: எவ்வளவு எடை என்று கேட்பவன் கடைக்காரனிடம் பேசத் தகுதியானவன், எந்த இடத்தில், எந்த அசைவில் என்று கேட்பவனே வண்டியில் ஏறத் தகுதியானவன்.

ஆகவே பின்தொட்டியின்மேல் ரேக் அமைத்து, கேபின் கூரைக்குக் கீழே அடங்கும்படி கூடாரத்தை வைப்பதே என் சித்தாந்தம். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. உன் வண்டியின் கேபினும் தொட்டியும் ஒரே சேஸிஸின்மேல் தனித்தனியாக ஏற்றப்பட்ட இரண்டு உடல்கள். மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுகும்போது அவை ஒன்றுக்கொன்று அசைகின்றன. நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டுபவர்கள் அந்த முறுக்குக்குச் சற்று இடம்கொடுக்கும்படி அதைச் சேஸிஸோடு யு போல்ட்டால் பிணைப்பார்கள். முறுக்கு என்ற வார்த்தையை அவர்கள் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை. நீயோ நான்கு வருஷம் என்னிடம் பௌதிகம் படித்துவிட்டு, கூடாரத்தின் ஒரு முனையைக் கேபின்மேலும் மறுமுனையைத் தொட்டிமேலும் பூட்டலாமா என்று கேட்கிறாய்! கூடாது. கூடாரம் கேபினைத் தொடவே கூடாது.

பொருத்தும் வேலை ஒரு பகற்பொழுது வேலை. தனியாக முயலாதே, தூக்குவதற்கு மூவராவது வேண்டும். ஏணி இறங்கும் பக்கம் எது என்று முன்னரே தீர்மானித்துக்கொள். சாலை ஓரம் நிறுத்தினால் வாகனங்கள் போகாத பக்கமாக அது இருக்கட்டும். கூடாரத்தின் அடியிலுள்ள அலுமினியக் காடிகளில் போல்ட்டுகளைச் செலுத்தி, ரேக்கின் குறுக்குச் சட்டங்களோடு தகடு வைத்துப் பிணைக்க வேண்டும். எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் ஏற்று; பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கு. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டில் அதே எஃகு நட்டை மின்கருவியால் அவசரமாக முறுக்கினால், மரைகள் உராய்ந்து சூடேறி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்காகக் கிரீஸை வாரிப் பூசவும் கூடாது. மசகிட்ட மரையில் அதே முறுக்குவிசைக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். செய்தவர் எழுதியிருக்கும் அளவையும் முறையையும் அப்படியே பின்பற்று. முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் என்ற கருவி அலமாரியில் அழகுக்காக வைக்கப்படுவதன்று.

இப்போது உன்னிடம் பல மாதங்களாகச் சொல்ல நினைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஐப்பசியில் உன் நண்பருடைய கூடாரம் ஏற்றிய வண்டியில் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு என்னை அழைத்துச் சென்றாயே, நினைவிருக்கிறதா? மேற்கே 4,421 மீட்டர் உயரத்து விட்னி சிகரம், மேகமற்ற ஆகாயம், எழுபது வயதைக் கடந்த நான் நடுநிசியில் அந்த ஏணியில் இறங்கி ஏறியதை உன் குழந்தைகளுக்கு நீ கதையாகச் சொல்லலாம். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை இறுக மூடிப் படுத்தோம். விடியற்காலையில் துணியின் உட்புறமெல்லாம் துளித்துளியாக நீர். மெத்தையின் அடியிலும் ஈரம். “கூடாரம் ஒழுகுகிறது, ஐயா” என்றாய். மழையே இல்லாத இரவில் எதைத் தம்பி அது ஒழுகவிடும்?

வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற வைத்தியர், உன் நாட்டில் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர், 1814இல் பனித்துளியைப்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஓய்வுபெற்றபின் நான் படித்தவற்றுள் இதைப்போல என்னை ஆட்கொண்ட புத்தகம் வேறில்லை. அவர் செய்தது என்ன? லண்டனை அடுத்த ஒரு தோட்டத்தில், புல்தரைக்கு மேலே நான்கு மெல்லிய கால்களில் ஒரு பலகையை நிறுத்தி, அதன் மேற்புறத்தில் சிறிது கம்பளியும் கீழ்ப்புறத்தில் அதே எடையுள்ள கம்பளியும் வைத்து, தெளிந்த இரவில் வெளியே விட்டு, பிறகு நிறுத்துப் பார்த்தார். மேற்கம்பளி மிகுதியாக நனைந்திருந்தது. கீழ்க்கம்பளியில் ஈரம் சொற்பம். பனி வானிலிருந்து விழுகிறது என்று ஒரு கட்சியும், தரையிலிருந்து எழுகிறது என்று ஒரு கட்சியும் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அது விழுவதுமில்லை, எழுவதுமில்லை; தெளிந்த ஆகாயத்தை நோக்கியிருக்கும் பொருள் தன் உஷ்ணத்தை அதற்குப் பறிகொடுத்துக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது, குளிர்ந்த அந்தப் பொருளின்மேல் காற்றிலுள்ள நீராவி நீராகப் படிகிறது, குளிர்ச்சி முன், பனி பின் என்று அவர் நிலைநாட்டினார். பனி பெய்கிறது என்று நம் மொழியே நம்மைப் பழக்கிவிட்டதால், விடைத்தாளில் அப்படி எழுதியவர்களுக்கு நான் முப்பது வருஷம் மதிப்பெண் குறைத்ததை நீ மறந்திருக்கமாட்டாய்.

நான்கு கால்களில் நிறுத்திய ஒரு பலகை, அதன்மேல் கம்பளி, மேலே தெளிந்த வானம்: இதைக் கேட்டதும் உனக்கு எது நினைவுக்கு வருகிறது? டிரக்கின்மேல் ஏற்றிய கூடாரம் வெல்ஸின் பலகையேயன்றி வேறில்லை. அதன் மேல்துணி இரவெல்லாம் ஆகாயத்துக்கு உஷ்ணத்தைக் கப்பம் கட்டுகிறது. உள்ளே இருவர் விடிய விடிய மூச்சோடு நீராவியை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நீராவிக்குப் போக்கிடமில்லாதபோது குளிர்ந்த துணியில் துளிக்கிறது. தரையில் போட்ட கூடாரத்துக்குப் பூமியின் வெதுவெதுப்பாவது அடியில் உண்டு. இதற்கோ அடியிலும் குளிர்காற்று. ஆகையால் உடலின் ஈரம் மெத்தையைக் கடந்து, குளிர்ந்த பலகையைத் தொட்டதும் நீராகிறது. அன்று நம்மை நனைத்தது வானமன்று, தம்பி, நம் சுவாசந்தான். எத்தனை குளிரானாலும் எதிரெதிரான இரண்டு ஜன்னல்களை ஒரு சாண் அளவாவது திறந்து வை. மெத்தையின் அடியில் காற்று புகும்படி வலைப்பின்னல் விரிப்பு ஒன்றைப் போடு. வீடு திரும்பியதும் கூடாரத்தை விரித்து முழுக்க உலர்த்திய பிறகே மடி. ஈரத்தோடு மடித்தால் சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். குளிருக்கென்று உள்ளே எரிவாயு அடுப்பை ஏற்றாதே; மணமுமில்லாத, நிறமுமில்லாத கார்பன் மோனாக்சைடு எவரையும் தட்டி எழுப்பிவிட்டுக் கொல்வதில்லை.

உயரத்தில் படுத்தால் கரடிக்குப் பயமில்லை என்று உன் நண்பர் அன்று சொன்னதையும் இங்கே மறுத்துவிடுகிறேன். மரமேறும் கருங்கரடிக்கு உன் ஏணி எம்மாத்திரம்? அதற்கு வேண்டியது உன் சாப்பாடு. யோசெமிட்டியில் இரவு நேரத்தில் உணவைக் காரில்கூட வைக்கலாகாது, இரும்புப் பெட்டிகளில்தான் பூட்ட வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். உயரம் புத்திக்கு மாற்றாகாது.

கடிதம் நீண்டுவிட்டது; எரிச்சலில் இரண்டு வார்த்தை கூடுதலாகவும் வந்திருக்கும்; பொறுத்துக்கொள். நீ பொருத்தி முடித்ததும் நேரே மலைக்குப் போகாமல், முதலில் 80 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டிவிட்டு வா. பிறகு டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு நட்டாகப் பரிசோதி. நிற்கும்போது இறுகியிருந்தவற்றில் சில, ஓடியபின் அரைச் சுற்றாவது திரும்பக் காண்பாய். தாங்குவதற்கும் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என்னைவிட அந்த நட்டு நன்றாகப் போதிக்கும். எத்தனை திரும்பின என்று எண்ணி எழுது.

இப்படிக்கு,
உன் பழைய ஆசிரியன்