பூசணத்தின் இரு உருவங்கள்

பெஞ்சமினியெல்லா பாய்ட்ராசி என்னும் தீங்கற்ற பூசணம் புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் விரிவாக ஆராயப்பட்டது. 28 டிகிரி செல்சியஸில் அது இழையாகப் படரும். குளுக்கோஸ் கலந்த ஊடகத்தில் 37 டிகிரியில் ஈஸ்ட்டைப் போல் உருண்டை உயிரணுக்களாகப் பெருகும். இரு உருவுக்கும் ஜீன்கள் ஒன்றே. எவை இயங்குகின்றன, எவை அடங்கியிருக்கின்றன என்பதே வேறுபாடு.

நோய் தரும் காண்டிடா அல்பிகன்ஸில் நிலைமை தலைகீழ். உடற்சூட்டில் அது இழை விட்டுத் திசுக்களைத் துளைக்கிறது. ஈ.எஃப்.ஜி.1, சி.பி.எச்.1 என்னும் ஜீன்கள் ஆக்கும் புரதங்கள் பிற ஜீன்களை ஏவி இம்மாற்றத்தை நிகழ்த்துகின்றன. இவ்விரண்டும் செயலிழந்த வகை எலிகளுக்குக் கொடிய நோயை உண்டாக்கவில்லை என்று 1997-இல் அறியப்பட்டது. இழைவடிவமே முழுக் காரணம் என்று முடிவுகட்டலாகாது; முதற்கூறிய ஜீன் பூசணத்தின் ஒட்டுந்தன்மையையும் ஆள்கிறது.

பூசண உயிரணு பல வகையில் மனித உயிரணுவை ஒத்தது. அதைக் கொல்லும் மருந்து நோயாளியையும் வருத்தக்கூடும். ஆகவே, கொல்லாமல் அந்த ஏவலை மட்டும் தடுக்கும் பொருள்களை ஆய்வாளர் தேடுகின்றனர்.